துணைநூற்பட்டியலில் உயிரோடு இருப்பவர்கள்

"எடுத்துருங்க அண்ணாச்சி."

"எதுக்கு எடுக்கணும், மொதல்ல அதச் சொல்லு—"

"ஆய்வேட்டுல யாருமே அப்படிப் போட மாட்டாங்க—"

"போட மாட்டாங்கன்னா அவியளுக்குத் தெரியலன்னு அர்த்தம். செத்துப்போன மனுசன் பேர—"

"இது துணைநூற்பட்டியல் அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை இல்ல."

"அதத்தான் நானும் கேக்கேன். கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேருக்கு முன்னால தெய்வத்திரு போடாம அடிச்சுக் குடுத்தா, பொண்ணு வீட்டுக்காரன் கடைச் சட்டர இறக்கிட்டுப் போயிருவான். ஒனக்குப் புஸ்தகம் எழுதிக் குடுத்துட்டுப் போனவர மட்டும் மொட்டையாப் போடணுமா?"

வனிதா நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெயபாண்டியின் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் எல்லாம் அங்கே அடித்துக் கொடுப்பார்கள். சமீப காலமாக முனைவர் பட்ட ஆய்வேடுகளும். வனிதாவின் ஆய்வேடு இருநூற்று நாற்பது பக்கம். புதூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளில் ஆடுகளை ராத்திரி அடைத்து ஆட்டுக்கிடை போடுவதும் அதனால் மண் தேறுவதும் பற்றியது. ஆறு வருடம் கிடைக்காரர்களோடு நடந்து எழுதியது. பதிவுக்காலம் வருகிற முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணியோடு முடிகிறது. அதற்குள் ஏடு ஒப்படைக்கப்படாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் இல்லை என்று ஆகிவிடும். அன்றைக்குத் தேதி பதினொன்று.

எழுதி முடித்து நாலு மாதம் ஆகிறது. பல்கலைக்கழகத்தின் மேற்கோள் வடிவச் சீர்மைப் பிரிவு மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தது. முதல் முறை, நூல் வெளியான ஆண்டு கடைசியில் இருக்கிறது, ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும் என்றார்கள். வந்தது. இரண்டாம் முறை, நூற்பெயர்களைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறீர்கள், தமிழ் சாய்ந்து நிற்பது தமிழுக்கு இழுக்கு, நிமிர்த்தி அடிக்கோடு போடுங்கள் என்றார்கள். போட்டாள். மூன்றாம் முறை, அடிக்கோடு என்பது தவறைக் காட்டப் போடுவது, எல்லா நூலும் தவறா என்று கேட்டுக் கோட்டை எடுக்கச் சொன்னார்கள். ஆண்டையும் பழையபடி கடைசிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

இருநூற்றுப் பதினாலு நூல். கணினியில் ஒவ்வொரு பெயராகத் தொட்டு மாற்றிக்கொண்டு வந்த ஜெயபாண்டிக்குத்தான் பாதியில் மனசு கேட்காமல் போனது.

"யாரு இருக்கா, யாரு இல்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நெட்ல போட்டுப் பாத்தேன். நாப்பத்தி மூணு பேரு போய்ட்டாவ. எல்லாருக்கும் போட்டுட்டேன்."

"வெள்ளக்காரங்களுக்குமா?"

"அவிய வழக்கம் நமக்குத் தெரியாதுல்லா. அத விட்டுட்டேன்."

"அண்ணாச்சி, சீர்மைப் பிரிவுல பிரின்ஸ்டன் சார் இதப் பாத்தாருன்னா மூஞ்சில வீசிருவாரு. இப்பவே எடுங்க."

"எடுக்கேன், எடுக்கேன். ஏதோ மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு நெனச்சேன்."

அவர் மவுசில் கை வைத்த நேரம் மின்சாரம் போயிற்று. யூபிஎஸ் மூன்று தரம் கூவிவிட்டு அடங்கியது. அச்சாகி முடிந்த தாள்கள் மட்டும் மேசையில் சூடு ஆறாமல் கிடந்தன. பதினொன்றரைப் பேருந்தை விட்டால் பிரிவில் அன்றைக்கு டோக்கன் கிடைக்காது. எப்படியும் திருப்பித்தானே அனுப்பப் போகிறார்கள், நாலாவது தரத்துக்கு இது ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே சுருள்கம்பி போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சீர்மைப் பிரிவில் ஆறு அறை, பதினோரு பேர். பல்கலைக்கழகத்தில் மண்ணியல் துறைக்கு இரண்டு அறை, மூன்று பேர். அதில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். கண்காணிப்பாளர் பிரின்ஸ்டன் மேசையில் ஒளி ஊடுருவும் அளவுகோல் ஒன்றும் வட்டக் கண்ணாடி ஒன்றும் உண்டு. ஆய்வேட்டை அவர் பின்பக்கமிருந்துதான் திறப்பார். முன்பக்கம் திறந்து யாரும் பார்த்ததில்லை.

திறந்தார். வரியின் உள்தள்ளலை அளந்தார். அடுத்த வரியை அளந்தார். அளவுகோல் நின்றது.

"இது யாரு சொல்லிப் போட்டது?"

"தப்பா வந்திருச்சு சார். கடையில தெரியாம... நாளைக்கே எடுத்துட்டு—"

"உக்காருங்க."

நாலு மாதத்தில் அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் முறை. பிரின்ஸ்டன் ஏட்டைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பக்கம் மூடிவிடாமல், இயக்குநர் அறைக்குள் போனார். கால்மணி நேரம் கழித்து அவளையும் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் சங்கரபாண்டி எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேடைகளில் பேசிப் பழகியவர். இருவர் முன்னால் பேசும்போதும் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"நான் இந்தப் பிரிவுக்கு வந்து பதினோரு ஆண்டு ஆகிறது அம்மா. மூவாயிரம் ஆய்வேடு பார்த்திருப்பேன். ஒன்றைக்கூட உள்ளே படித்ததில்லை. ஏன் என்று கேட்க வேண்டும் நீங்கள்."

"ஏன் சார்?"

"படித்தால் பாரபட்சம் வந்துவிடும். கருத்து நன்றாக இருக்கிறதே என்று ஒரு காற்புள்ளியை விட்டுக்கொடுக்கத் தோன்றும். ஒன்றை விட்டால் ஒன்பது. அப்புறம் பல்கலைக்கழகம் எதற்கு? நம்மிடம் வருகிறவர்கள் ஆண்டு போடுகிறார்கள், பதிப்பகம் போடுகிறார்கள், ஊர் போடுகிறார்கள். ஆள் என்ன ஆனார்? இருக்கிறாரா, போய்விட்டாரா? ஒருத்தராவது கவலைப்பட்டதுண்டா? நீங்கள் பட்டிருக்கிறீர்கள்."

"நான் இல்ல சார், அது கடையில ஜெயபாண்டி அண்ணாச்சி—"

"தன்னடக்கம். பிரின்ஸ்டன், குறித்துக்கொள்ளுங்கள். இதை நாம் நெறிமுறை ஆக்குகிறோம்."

"ஐயா, வெளிநாட்டு ஆசிரியர்களுக்குப் போடல."

"ஏன் போடவில்லை? அவர்கள் சாவதில்லையா?"

"அப்படிக் கேக்கலாம் ஐயா."

"எல்லாருக்கும் வேண்டும். சும்மா போட்டால் போதாது, ஆதாரம் வேண்டும். ஆதாரமில்லாத சாவை இந்தப் பிரிவு ஏற்றுக்கொள்ளாது."

வனிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், எனக்கு முப்பதாம் தேதியோட பதிவு முடியுது. பழைய முறைப்படியே இந்த ஒண்ண மட்டும்—"

"உங்களால் உருவான நெறிமுறை அம்மா இது. நீங்களே பின்பற்றாவிட்டால் வரலாறு என்ன சொல்லும்?"

ஏடு நாலாம் முறையாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை பாராட்டோடு.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. காலமான ஆசிரியர்களின் பெயருக்கு முன் தெய்வத்திரு அல்லது தெய்வத்திருமதி என இட்டு இறப்புச் சான்றின் நகல் இணைக்கப்பட வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் உயிர்வாழ் சான்று இரு பிரதிகளில், கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையொப்பம் பெற்று இணைக்கப்பட வேண்டும். இரண்டில் எதுவும் இல்லாத ஆசிரியர் நூல் எழுதியதாகவே கருதப்பட மாட்டார் என்று அதில் இருந்தது. கடைசி வரியில், இந்நெறிமுறை ஆய்வின் தரத்தை உலக அளவுக்கு உயர்த்தும் என்றும் இருந்தது. அந்த வரி எல்லாச் சுற்றறிக்கையிலும் இருக்கும்.

நெறியாளர் முனைவர் அருள்மணிக்கு வனிதா போன் செய்தாள்.

"சொல்லுங்க வனிதா."

"இருநூத்திப் பதினாலு பேருக்குச் சான்று கேக்காங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா..."

"பேசலாம் வனிதா. ஆனா அடுத்த வருஷம் என் பதவி உயர்வு ஃபைல்ல என் கட்டுரைகளோட காற்புள்ளியெல்லாம் அவங்கதான பாக்கணும். நீங்க சமத்து. முடிச்சிருவீங்க."

அன்றிலிருந்து வனிதா சாவு விசாரிக்கப் புறப்பட்டாள்.

முதலில் உள்ளூர். கரிசல் மானாவாரி பற்றி அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார் பூவனலிங்கம் என்ற ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர். கோவில்பட்டியிலேயே வீடு. வனிதா போய் நின்றதும் அவரே கதவைத் திறந்தார்.

"பூவனலிங்கம் சார் இருக்காங்களா?"

"நாந்தான். என்ன விசயம்?"

"அதத்தான் சார் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

விவரம் கேட்டவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் புத்தகத்தை ஒருவர் படித்து, அதிலிருந்து மேற்கோளும் காட்டியிருக்கிறார் என்பதில்தான் அவருக்கு முதலில் அதிர்ச்சி. "இருநூறு அடிச்சேன். நூத்தி எண்பது அந்தா கட்டிலுக்கடியில கெடக்கு. நீ எத எடுத்துக்கிட்ட? பருத்திக்கு ஊடுபயிரா உளுந்து போடுதத எழுதியிருந்தேனே, அதயா?"

"கிடை மறிச்ச புஞ்சையில மக்காச்சோளம் போடப்படாதுன்னு சொன்னத சார்."

"பரவால்லையே, அதயும் ஒருத்தி வாசிச்சிருக்கா." பிறகு சான்றுத் தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு காப்பியா? நான் இருக்கேன்னு வருசா வருசம் கருவூலத்துல போய்ச் சொல்லுதேன். பென்சன் குடுக்கவனே ஒரு காப்பிதான் கேக்கான். ஒங்க ஆளுகளுக்கு ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு சந்தேகமோ?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது நீலமை. பிரின்ஸ்டன் திருப்பிவிட்டார். "அவரு கெஜட்டட் அதிகாரி இல்லையே. தான் இருக்கறத தானே சொல்லிக்கிட முடியாதும்மா. நான்கூட அப்படிச் சொல்லிக்கிட முடியாது."

ஜெர்மனியில் எண்பத்தெட்டு வயதுப் பேராசிரியர் ஒருவர் இருந்தார், மண்ணும் மேய்ச்சலும் பற்றி எழுதியவர். தாங்கள் காலமாகிவிட்டீர்களா என்று தயவுகூர்ந்து தெரிவிக்கவும் என வனிதா மின்னஞ்சல் அனுப்பினாள். வேறு எப்படிக் கேட்டாலும் அதைவிட மோசமாகத்தான் வந்தது. இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. இன்று காலை நிலவரப்படி இருக்கிறேன், என் மனைவியும் அதையே சொல்கிறாள், மாற்றம் இருந்தால் அவள் தெரிவிப்பாள் என்று எழுதிவிட்டு, உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டிருந்தார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வனிதா அவருக்கு நாலு பக்கம் பதில் எழுதினாள். பிரின்ஸ்டன் அந்த மின்னஞ்சலில் முத்திரை இல்லை என்றார்.

"அவரே எழுதியிருக்காரு சார், இருக்கேன்னு."

"எழுதியிருக்காரு, சரி. எழுதினவரு அவருதான்னு யாரு சொல்லுவா?"

நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஜில்லா மேனுவல் எழுதிய கலெக்டர் ஒருவரும் பட்டியலில் இருந்தார்.

"இவருக்குச் சான்று?"

"சார், அவரு இன்னைக்கு இருந்தா நூத்தி எழுபது வயசு இருக்கும்."

"இருக்கட்டும். வயச மட்டும் வச்சு ஒருத்தரச் சாகடிக்கப் பிரிவுக்கு அதிகாரம் கெடையாது."

"சீமையில எந்த ஊருல புதைச்சாங்கன்னுகூடத் தெரியாது சார்."

"அப்ப இருக்காருன்னு சான்று வாங்கிட்டு வாங்க."

கலெக்டரை நீக்கினாள். அவரோடு இரண்டு பஞ்சங்களும் ஆய்வேட்டிலிருந்து போயின.

அரசுத் துறை ஒன்று வெளியிட்ட அறிக்கை இருந்தது. அந்தத் துறையை இடையில் இன்னொரு துறையோடு சேர்த்துவிட்டார்கள். இது எந்தக் கணக்கில் வரும் என்று பிரின்ஸ்டனுக்கே குழப்பம் வந்து இயக்குநரிடம் போனார். ஜெயபாண்டி கடையில் இதைச் சொன்னபோது அவரும் யோசித்தார்.

"சேத்துட்டாங்கன்னா, செத்துப்போச்சா, கட்டிக்குடுத்தாச்சா?"

"தெரியல அண்ணாச்சி. கூட்டம் போட்டிருக்காங்க அதுக்கு."

ஜெயபாண்டி கடையில் இப்போது பெஞ்சு கொள்ளாமல் ஆய்வாளர்கள். சாத்தூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்தார்கள். தெய்வத்திரு போடத் தெரிந்த கடை என்று பேர் பரவிவிட்டது. ஒருவன் தன் பட்டியலில் இன்னும் சாகாத ஒரு பேராசிரியர் பேருக்கு முன்னால் தவறுதலாகத் தெய்வத்திரு போட்டுவிட்டு, அவர் தலைமை தாங்கிய கருத்தரங்கில் அவர் கையாலேயே பரிசு வாங்கி வந்திருந்தான். ஜெயபாண்டிக்குத் தொழில் பெருகியும் முகம் செத்துக் கிடந்தது.

"நான் ஒரு மரியாதைக்குத்தான் போட்டேன் வனிதா. இவனுவ அதப் பிடிச்சு வேலியாக் கட்டிட்டானுவ."

"விடுங்க அண்ணாச்சி. இன்னைக்கு யாரையெல்லாம் எடுக்கணும்னு சொல்லுதேன், எடுங்க."

நூல் ஒன்று பட்டியலிலிருந்து போனால், ஆய்வேட்டின் உள்ளே அதைச் சுட்டிய இடமெல்லாம் போக வேண்டும். சுட்டிய இடம் போனால் அந்த வாக்கியம் நிற்காது. வாக்கியம் போனால் பத்தி. இப்படிப் போய்ப் போய், இருபத்தெட்டாம் தேதி துணைநூற்பட்டியலில் முப்பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். ஆய்வேடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. இயக்குநர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இப்போதுதான் கச்சிதமாக இருக்கிறது," என்றார்.

எதைத் தள்ளினாலும் நாலாம் அத்தியாயத்தை மட்டும் வனிதா விடவில்லை. எந்தப் புஞ்சையில் எத்தனை ராத்திரி கிடை கிடக்க வேண்டும், எந்த மண்ணுக்கு எந்த மாதம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அதில் எண்பத்தாறு இடத்தில் ஒரே பெயர் வந்தது. சீனித்தாய், நேர்காணல், புதூர். அந்த வரியில் பிரின்ஸ்டனின் அளவுகோல் நின்றது.

"இது எந்தப் பதிப்பகம்?"

"ஆளு சார். கிடைக்காரங்க. நாகலாபுரத்துல இருந்து புதூர் வரைக்கும் அவங்க சொன்னாத்தான் கிடை எடுப்பாங்க."

"எழுதியிருக்காங்களா?"

"இல்ல சார். சொன்னாங்க, நான் எழுதிக்கிட்டேன்."

"அப்ப நகல் ஒங்ககிட்ட இருக்கு. மூலம் எங்க?"

"மூலம்னா... அவங்கதான் சார்."

"நெறிமுறை பதினேழு. நூலகத்தில் கிடைக்காத சான்றுகளின் மூலம் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். கொண்டு வாங்க."

வனிதா இருபத்தொன்பதாம் தேதி மூலத்தைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

சீனித்தாய்க்கு ஐம்பத்தாறு வயது. நூற்று இருபது ஆட்டை மருமகன் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒயர்கூடையில் சோற்றுவாளியும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்து எடுத்து வந்திருந்தாள். பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை வனிதா தடுத்தாள்.

"வேண்டாம் சித்தி, ஆபீசுதான்."

"இங்கனதான் ஒனக்குப் பட்டம் குடுக்காவளா?"

"இங்கன விட்டாத்தான் குடுக்க இடத்துக்குப் போகும்."

"கிடைக்கு நாய் மாதிரி."

"மெதுவாப் பேசுங்க சித்தி."

பிரின்ஸ்டன் மூலத்தை நிற்க வைத்துப் பார்த்தார். வட்டக் கண்ணாடியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி மேசையில் வைத்தார். ஆதார் அட்டையின் நகலை வாங்கி, அதையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நகல்ல தெளிவா இருக்கு. மூலத்துலதான் கொஞ்சம் வித்தியாசம் தெரியுது."

"அது எடுத்து பத்து வருசமாச்சு சார். வெயில்ல நடக்க ஒடம்பு."

"வெளியான ஆண்டு?"

"என்னது?"

"பொறந்த வருசம் கேக்காங்க சித்தி."

"அட்டையில போட்டிருக்கத நம்பாதிய. வாத்தியாரு தோராயமா எழுதுனது."

பிரின்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார். "தோராயமா வெளியான மூலத்த நான் எப்படிம்மா ஒப்பிட?" இதுவும் இயக்குநரிடம் போயிற்று.

சங்கரபாண்டி சீனித்தாய்க்கு நாற்காலி போடச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். மரியாதையில் அவரிடம் ஒரு குறையும் இருந்ததில்லை.

"அம்மா, நாலாவது அத்தியாயத்தில் உள்ளதெல்லாம் நீங்கள் சொன்னதுதானா?"

"என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க. சொல்லுதேன்."

இயக்குநர் பிரின்ஸ்டனைப் பார்த்தார். பிரின்ஸ்டன் ஏட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். வனிதாவே ஏட்டை வாங்கி வாசித்தாள். "கீழ்க்காட்டுப் புஞ்சையில் ஆனி பிறந்து கிடை போட்டால் ஐந்து ராத்திரி போதும். அதற்கு மேல் கிடந்தால் பயிர் உயரமாகப் போய்க் கதிர் பிடிக்காது."

"சொன்னேன். சரிதான்."

"இதையே நாளைக்கும் சொல்வீர்களா?"

"மழையப் பாத்துத்தான் சொல்லுவேன். போன வருசம் முந்தியே பேஞ்சிருச்சு. நாலு ராத்திரிதான் போட்டேன்."

சங்கரபாண்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பார்த்தீர்களா. ஐந்து என்று எழுதியிருக்கிறது. நாலு என்கிறார்கள். நாளைக்கு ஆறு என்பார்கள்."

"சார், மழையப் பொறுத்து மாறும்னு அடுத்த வரியிலயே எழுதியிருக்கேன்." வனிதாவின் குரல் உயர்ந்துவிட்டது. "அந்த அத்தியாயமே அதப் பத்தித்தான் சார்."

"அதுதான் அம்மா கோளாறு. அறிவு என்றால் மாறக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களிடம் இதுதான் தொல்லை. கடிதம் போடுகிறார்கள், மறுக்கிறார்கள், திருத்திய பதிப்பு கொண்டுவருகிறார்கள். காலமானவர்களைப் பாருங்கள். சொன்னது சொன்னபடி. ஒரு தெய்வத்திருவாவது இந்த அலுவலகத்துக்கு வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று தகராறு பண்ணியதுண்டா? நேற்றுக் குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டோம். வாய்மொழிச் சான்று தந்தவர் காலமாகியிருந்தால் மட்டுமே பட்டியலில் இடம்பெறலாம்."

"நேத்தா?"

"நேற்று நாலு மணிக்கு. உங்கள் ஏட்டை முன்வைத்துத்தான்."

"அப்ப நாலாவது அத்தியாயம்?"

"எடுத்துவிடுங்கள்."

"எடுத்தா மிச்சம் எழுபது பக்கம்தான் சார் இருக்கும். நூறு பக்கத்துக்குக் குறைஞ்சா ஏடு வாங்க மாட்டாங்க."

"அது வேறு பிரிவு," என்றார் பிரின்ஸ்டன்.

"நாளைக்கு மூணு மணியோட பதிவு ரத்தாயிரும் சார். ஆறு வருசம்."

"அதுவும் வேறு பிரிவு."

வனிதா ஏட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். சீனித்தாய் தேநீரைக் குடித்து முடித்துத் தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"ஏட்டி வனிதா, இவிய என்ன சொல்லுதாவ? எனக்கு வெளங்குத மாதிரிச் சொல்லு."

"ஒண்ணுமில்ல சித்தி. வாங்க, போவோம்."

"சொல்லுட்டி."

"நீங்க இருக்கறதுனால ஒங்க பேரப் போட முடியாதாம்."

சீனித்தாய் இயக்குநரைப் பார்த்தாள். அவர் கனிவாகத் தலையசைத்தார்.

"உங்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை அம்மா. நெறிமுறைதான். இல்லையென்றால் இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாகூடத் திறந்துதான் இருக்கிறது, பாருங்கள்."

"அதெல்லாம் அவங்க அறிவு சார்," என்றாள் வனிதா. "ஒரு வரியாவது உள்ள படிச்சுப் பாத்திருக்கலாம்."

"நிச்சயமாகப் படிப்பேன். ஓய்வு பெற்றபின் படிக்க என்று ஒரு அலமாரியே வைத்திருக்கிறேன்."

பிரின்ஸ்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. இயக்குநரும் எழுந்தார். சீனித்தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒயர்கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆட்டுக்குக் குட்டி எத்தனை என்று கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்:

"நாளைக்கு மூணு மணின்னா, சாமி, நான் காலையிலயே செத்தாப் போதுமா, இல்ல சான்று வாங்கப் பொழுது வேணும்னு இன்னைக்கே சாகணுமா?"